வினையடையும் கிழமைச்சொல்லும் ஆங்கில வாக்கியத்தில் சேரும் இடங்கள்

'அட்வெர்ப்' என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் 'வினையுரிச்சொல்' என்கின்றன. நம் இலக்கணத்தில் உரிச்சொல் என்பது 'சால, தவ, நனி' போன்றவற்றுக்கான தனி வகை, அது பெயரோடும் சேரும். சிலர் எழுதும் 'வினையெச்சம்' இன்னும் அகலமானது. 'மெல்ல' என்ற குறிப்பு வினையெச்சம் 'அட்வெர்ப்' என்பதற்குப் பொருந்தும், 'ஓடி', 'வந்து' பொருந்தா. ஆகவே 'வினையடை'யே நல்ல சொல். இலத்தீன் 'அட்வெர்பியும்' என்பதும் இதே அமைப்புதான்: 'அட்' என்றால் சேர்ந்து, 'வெர்பும்' என்றால் சொல் அல்லது வினை. கிரேக்கத்தின் 'எபிர்ரேமா'வைப் பார்த்து அதை உருவாக்கினார்கள்.

'மை', 'ஹிஸ்' போன்ற சொற்களைக் குறிக்கும் 'பொசெசிவ்' என்பதன் இலத்தீன் வேர், கைவசம் வைத்திருப்பதைக் குறிக்கும். ஆனால் 'மை டீச்சர்' என்பவர் யாருடைய உடைமையும் அல்லர். ஆறாம் வேற்றுமைக்கு நம் இலக்கணம் சொல்லும் பொருள் 'கிழமை', அதாவது உரிமைத் தொடர்பு. என் கை தற்கிழமை, அதாவது என்னைவிட்டுப் பிரியாதது; என் சைக்கிள் பிறிதின்கிழமை, அதாவது பிரியக்கூடியது. ஆங்கிலம் இரண்டுக்கும் 'மை' என்றே சொல்கிறது. 'உடைமைச்சொல்' என்பதைவிடக் 'கிழமைச்சொல்' சரி என்பேன்.

கிழமைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு பெயர் வேண்டும். வினையடை அந்தப் பெயரை நேரடியாகத் தழுவாது. 'ஹிஸ் எக்ஸ்ட்ரீம்லி ஓல்ட் ஹவுஸ்' என்பதில் 'எக்ஸ்ட்ரீம்லி' தழுவுவது 'ஓல்ட்' என்ற பெயரடையை. அங்கே 'எக்ஸ்ட்ரீம்' என்று எழுதினால் பிழை.

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடையை நுழைப்பது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. 'ஷி டிரோவ் ஸ்லோலி ஹெர் கார்' என்று வராது. 'ஷி டிரோவ் ஹெர் கார் ஸ்லோலி' அல்லது 'ஷி ஸ்லோலி டிரோவ் ஹெர் கார்' என்றே வரும். தமிழில் வினையடை பெரும்பாலும் வினையை ஒட்டி நிற்கும்: 'தன் காரை மெதுவாக ஓட்டினாள்'. அந்தப் பழக்கம்தான் இழுக்கிறது. 'ஹெர் கார்' ஒரே பொட்டலம். வினைக்கும் அதற்கும் இடையே இப்படி வினையடையை வைக்காதீர்கள்.

நுட்பமான இடம் 'இங்' விகுதி பெற்ற தொழிற்பெயர். 'ஹிஸ் க்விக்லி சால்விங் த பிராப்ளம்', 'ஹிஸ் க்விக் சால்விங் ஆஃப் த பிராப்ளம்' ஆகிய இரண்டும் சரி. முதலாவதில் 'சால்விங்' செயப்படுபொருளை நேரே ஏற்கிறது. வினைத்தன்மை மிச்சமிருப்பதால் வினையடை வருகிறது. இரண்டாவதில் 'ஆஃப்' வந்துவிட்டது. அது முழுப் பெயர், பெயரடைதான் வேண்டும். 'க்விக்லி'யையும் 'ஆஃப்'பையும் சேர்த்தால் தொடர் கெடும். தமிழிலும் இதே பிரிவு உண்டு: 'அவன் வேகமாக ஓடுதல்', 'அவனது வேகமான ஓட்டம்'. ஒரு வேறுபாடு: 'ஓடுதல்' முன்னே தமிழில் 'அவன்' என்ற எழுவாய் அப்படியே நிற்கிறது. ஆங்கில எழுத்துநடை அங்கே 'ஹிஸ்' கேட்கும், பேச்சில் 'ஹிம்' வரும்.

'ஒன்லி' தன் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். 'மை ஒன்லி சிஸ்டர்' என்றால் எனக்கு ஒரே சகோதரி, இங்கே அது பெயரடை. 'ஒன்லி மை சிஸ்டர்' என்றால் என் சகோதரி மட்டும்.

வரலாற்றில் வினையடையும் கிழமைப் பொருளும் இன்னும் நெருக்கம். பழைய ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமை விகுதிகளில் ஒன்று 'எஸ்' என்று ஒலித்தது. இன்றைய 'ஜான்ஸ் புக்' என்பதில் மேற்குறியோடு வரும் 'ஸ்' அதன் எச்சம். அதே விகுதி வினையடைகளையும் ஆக்கியது. 'டேயெஸ்' என்றால் பகலில், 'நிஹ்டெஸ்' என்றால் இரவில். ஒன்றைக் குறித்த 'ஆன்' என்பதிலிருந்து பிறந்தது 'ஒன்ஸ்'. 'ட்வைஸ்', 'ஆல்வேஸ்', 'நவடேஸ்' ஆகியவற்றின் கடைசி 'ஸ்' ஒலியும் அதுவே, பன்மை விகுதி அல்ல. 'ஹி வொர்க்ஸ் நைட்ஸ்' என்பதில் 'நைட்ஸ்' பலருக்குப் பன்மையாகத் தோன்றும். அதன் மூலமும் இந்தப் பழைய வேற்றுமைதான்.