எஃப்சிங்க் வெற்றி என்றது, தரவு செயலியிலேயே தங்கிவிட்டது

தரவுத்தளச் சர்வர்களைப் பராமரிப்பது என் பணி. பெர்சிஸ்டன்ட் மெமரி பொருத்திய ஒரு சோதனை இயந்திரத்தில், 64 பைட்டுக்கு ஒன்றாக வரிசை எண்களை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் சிறிய நிரலை ஓடவிட்டு, நடுவில் மின்கம்பியைப் பிடுங்கினோம். மீண்டும் இயக்கிக் கோப்பைத் திறந்தபோது 4116 இருந்தது, 4118 இருந்தது, இடையில் 4117 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுழியங்கள் இருந்தன. பின்னால் எழுதியது பிழைத்து, முன்னால் எழுதியது தொலைந்திருந்தது. வன்வட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு இது முதலில் நம்பமுடியாததாகவே இருக்கும். ஆனால் இங்கே வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லை.

பெர்சிஸ்டன்ட் மெமரி என்பது ரேம் பொருத்தும் அதே ஸ்லாட்டில் அமர்ந்து, மின்சாரம் போனாலும் தரவை இழக்காத நினைவகம். இன்டெல் 2019ல் சந்தைக்குக் கொண்டுவந்து, 2022ல் கைவிடுவதாக அறிவித்த ஆப்டேன் தொகுதிகள் இதில் பரவலாக அறியப்பட்டவை. லினக்ஸில் எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளை டாக்ஸ் (நேரடி அணுகல்) முறையில் மவுன்ட் செய்தால், கோப்பின் தரவு பேஜ் கேஷ் (கெர்னல் ரேமில் வைக்கும் நகல்) வழியாகச் செல்லாமல், எம்மேப் செய்த, அதாவது கோப்பைத் தன் நினைவக முகவரிகளோடு இணைத்துக்கொண்ட நிரலுக்கு நேரடியாக அந்த நினைவகமே கையில் கிடைக்கிறது. இந்த நேரடித்தன்மைதான் இதன் வேகத்துக்குக் காரணம். நாம் கண்ட இழப்புக்கும் அதுவே வழிவிட்டது.

நிரல் வழக்கமான முறையில் எழுதும் ஒவ்வொரு பைட்டும் முதலில் செயலியின் கேஷில், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கிறது. செயலி தனக்கு இடம் தேவைப்படும்போது, 64 பைட் கொண்ட கேஷ் வரிகளைத் தன் விருப்பப்படி, எந்த வரிசையிலும் நினைவகத்துக்குத் தள்ளும். எங்கள் 4117 அப்படிக் காத்திருந்த வரிகளில் ஒன்று. மின்சாரம் போகும் கணத்தில் நினைவகக் கட்டுப்படுத்தியின் வரிசையில் சேர்ந்துவிட்டதை ஏடிஆர் என்னும் ஏற்பாடு காப்பாற்றிவிடும். கேஷில் இருப்பதைக் காப்பாற்றாது. எனவே சிஎல்டபிள்யூபி போன்ற கட்டளையால் அந்த வரியை வெளியே அனுப்பி, எஸ்ஃபென்ஸ் கட்டளையால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். இதை யார் செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

எழுதியதை நிலையான ஊடகத்தில் சேர்க்கக் கேட்கும் எஃப்சிங்க் அல்லது எம்சிங்க்கை நிரலாளர் அழைத்தால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் செய்யும் என்பதுதான் வாக்குறுதி. லினக்ஸ் 4.0ல், 2015ல், டாக்ஸ் நுழைந்தபோது அந்த வாக்குறுதி முழுமையாக இல்லை. எம்மேப் வழியாக எழுதியவற்றுக்கான கேஷ் ஃப்ளஷ் (கேஷில் உள்ளதை வெளியே தள்ளுவது) 2016ல் வந்த 4.5 பதிப்பில்தான் சேர்ந்தது. எந்தப் பகுதி மாறியது என்பதை கெர்னல் ஒரு மரக்கட்டமைப்பில் குறித்துவைக்கும், எஃப்சிங்க் வந்தால் குறியிட்ட பகுதிகளை ஃப்ளஷ் செய்யும். ஆனால் தொடக்கத்தில் அந்தக் குறிகளை நீக்க வழி இருக்கவில்லை. ஒருமுறை மாறிய பகுதியை ஒவ்வொரு எஃப்சிங்க்கின்போதும் மறுபடி மறுபடி ஃப்ளஷ் செய்தது. 4.10ல் குறியை நீக்கும் திருத்தம் வந்தது.

குறியை நீக்குவதென்றால் கூடவே ஒரு கடமை உண்டு. அந்தப் பகுதியை மேப் செய்திருக்கும் எல்லாச் செயல்முறைகளின் பக்க அட்டவணையிலும் (எந்த முகவரி எந்த நினைவகப் பக்கம் என்று சொல்லும் அட்டவணை) எழுதத் தடை போட்டாக வேண்டும். அப்போதுதான் அடுத்து யாராவது எழுதும்போது பேஜ் ஃபால்ட் ஏற்பட்டு, கட்டுப்பாடு கெர்னலிடம் வர, அது குறியை மீண்டும் இடும். இங்கேதான் ஒரு நுண்ணிய ஓட்டை 2022 வரை கண்ணில் படாமல் இருந்தது. ஒரு செயல்முறை கோப்பை 2 எம்பி பெரிய பக்கமாக மேப் செய்து எழுதுகிறது; இன்னொன்று அதே 2 எம்பிக்குள் நடுவில் உள்ள 4 கேபியை மட்டும் மேப் செய்து எழுதுகிறது. எஃப்சிங்க் வந்ததும் கெர்னல் அனைத்தையும் ஃப்ளஷ் செய்து, குறியை நீக்கியது. ஆனால் தடை போடும்போது அந்த 2 எம்பியின் முதல் பக்கத்தை உள்ளடக்கிய மேப்பிங்குகளை மட்டுமே தேடியதால், இரண்டாவது செயல்முறை விடுபட்டது. அது மீண்டும் எழுதியது. ஃபால்ட் இல்லை, குறியும் இல்லை. அடுத்த எஃப்சிங்க் ஃப்ளஷ் செய்ய எதுவும் இல்லை என்று கண்டு வெற்றி என்று திரும்பியது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் தரவு போய்விடும். தடை போட வேண்டிய மேப்பிங்குகளை அந்த 2 எம்பி முழுவதற்கும் தேடுவதாக மாற்றியதுதான் தீர்வு. டாக்ஸ் இயந்திரங்களில் பழைய கெர்னலை இன்னும் வைத்திருப்பவர்கள், தங்கள் லினக்ஸ் விநியோகத்தில் இந்தத் திருத்தம் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை மாற்றக் குறிப்புகளில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எங்கள் சோதனையில் இழப்புக்குக் காரணம் இந்த ஓட்டை அல்ல. நிரல் எம்சிங்க்கும் அழைக்கவில்லை, தானே ஃப்ளஷும் செய்யவில்லை. தானே ஃப்ளஷ் செய்ய விரும்பும் நிரல் எம்மேப் அழைப்பில் மேப்சிங்க் கொடியைக் கொடுக்க வேண்டும், 4.15 முதல் இது உண்டு. இல்லையென்றால் தரவு ஊடகத்தைச் சேர்ந்திருந்தாலும், அந்த இடம் இந்தக் கோப்புக்கு உரியது என்ற கோப்பு முறைமையின் பதிவு சேராமல் போகலாம். இக்கொடியை ஏற்காத இடத்தில் அழைப்பு பிழையுடன் திரும்ப, மேப்ஷேர்டுவேலிடேட் கொடியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தில் விர்ட்ஐஓ பிமெம் என்னும் மெய்நிகர் பெர்சிஸ்டன்ட் மெமரிச் சாதனமாக வருவது பெரும்பாலும் ஹோஸ்ட்டின், அதாவது அதைத் தாங்கும் உண்மை இயந்திரத்தின் சாதாரணக் கோப்புதான். மெய்நிகர் இயந்திரத்துக்குள் கேஷ் ஃப்ளஷ் செய்வதால் மட்டும் அது ஹோஸ்ட்டின் வட்டைச் சேராது என்பதால், அங்கே மேப்சிங்க் மறுக்கப்படுகிறது. எஃப்சிங்க் அல்லது எம்சிங்க் அழைப்பதுதான் வழி.

சில புதிய இயந்திரங்களில் இஏடிஆர் என்னும் ஏற்பாடு செயலியின் கேஷையும் காப்பாற்றும். உங்களுடையது எது என்பதை ஊகிக்க வேண்டாம். கெர்னல் வன்பொருள் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், ஒவ்வொரு என்டி ரீஜனுக்கும் (பெர்சிஸ்டன்ட் மெமரிப் பகுதிக்கும்) உள்ள பெர்சிஸ்டன்ஸ் டொமைன் கோப்பு, காப்பு நினைவகக் கட்டுப்படுத்தி வரையா, செயலி கேஷ் வரையா என்று சொல்லிவிடும்.

சோதிக்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறை நாங்களே பல மாதங்கள் செய்தோம். செயல்முறையைக் கொன்று மீண்டும் தொடங்குவதையே நொறுங்கல் சோதனை என்று எண்ணியிருந்தோம். ஆனால் செயல்முறை இறந்தாலும் கேஷில் உள்ளது அப்படியே இருக்கும், மீண்டும் படித்தால் சரியாகவே கிடைக்கும். முறையாக ரீபூட் செய்வதும் கோப்பு முறைமையை ஒழுங்காக அவிழ்த்துவிடுவதால் எதையும் காட்டாது. இப்போது எங்கள் சோதனை மேசையில் தொலைவிலிருந்து அணைக்கக்கூடிய ஒரு மின்பலகை இருக்கிறது. ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலுக்குப் பிறகும், இரண்டு செயல்முறைகள் ஒரே கோப்பை வெவ்வேறு அளவில் மேப் செய்து எழுதிக்கொண்டிருக்க, இரவு முழுவதும் அது அணைந்து எரிகிறது. காலையில் வரிசை எண்களை எண்ணிப் பார்த்த பிறகே அந்தக் கெர்னலை வாடிக்கையாளர் சர்வர்களில் ஏற்றுகிறோம்.