டிப்ரிசியேஷன் வேற, டிவேல்யுவேஷன் வேற

ஒரு கரன்சி டாலருக்கு எதிரா எறங்குனாலே "டிவேல்யூ ஆயிடுச்சு"ன்னு சொல்லிடுறோம், ஆனா பாதி நேரம் அது டிப்ரிசியேஷன்தான். மதிப்பு என்னமோ ரெண்டுலயும் எறங்குது, தானா எறங்குச்சா யாராவது எறக்குனாங்களாங்கறதுலதான் வித்தியாசம்: தானா எறங்குனா டிப்ரிசியேஷன், அரசு எறக்குனா டிவேல்யுவேஷன்.

டிப்ரிசியேஷனோட வேர் லத்தீன்ல 'ப்ரெத்தியம்', விலைன்னு அர்த்தம், முன்னாடி ஒட்டுற 'டி' கீழ எறங்குறதக் காட்டுது. கணக்கு எழுதுறவங்க மெஷின் தேய்மானத்துக்கும் இதே வார்த்தையத்தான் சொல்வாங்க, அதப் பாத்து நாணயத்துக்கும் தேய்மானம்னு போடுறது எனக்கு ஒட்டல, மெஷின் தேஞ்சா தேஞ்சதுதான், கரன்சி திரும்ப ஏறும்ல.

பவுண்டோட கதையிலயே ரெண்டும் இருக்கு. 1967 நவம்பர்ல, ஏற்றுமதிய விட இறக்குமதி கூடிப்போய் சமாளிக்க முடியாம, 2.80 டாலர்னு கட்டி வச்சிருந்த பவுண்ட பிரிட்டன் அரசே 2.40ன்னு எறக்குச்சு, இது டிவேல்யுவேஷன். 1992 கதை வேற. அப்போ பவுண்ட ஐரோப்பிய நாணய ஏற்பாட்டுல ஜெர்மன் மார்க்கோட கட்டி வச்சிருந்தாங்க, ஜெர்மனி, கிழக்கும் மேற்கும் இணைஞ்சதுக்கு அப்புறம், விலைவாசிக்குப் பயந்து வட்டிய ஏத்தி வச்சிருந்துச்சு, வட்டி கூட கிடைக்கிற பக்கம்தானே பணம் ஓடும், பிரிட்டன்லயோ தொழில் படுத்துக் கெடந்துச்சு. செப்டம்பர் 16 அன்னிக்கு வட்டிய 10 சதவீதத்துல இருந்து 12க்கு ஏத்துனாங்க, அதே நாள்லயே 15ன்னும் அறிவிச்சாங்க, கையிருப்பு அந்நியச் செலாவணியக் கொட்டி பவுண்டா வாங்குனாங்க, சந்தை நம்பவே இல்ல. நாளைக்கு எறங்கும்னு எல்லாரும் இன்னிக்கே வித்தா இன்னிக்கே எறங்கும், அவ்ளோதான். சாயங்காலமே ஏற்பாட்டுல இருந்து விலகிட்டாங்க, அப்புறம் பவுண்ட் சரிஞ்சது டிப்ரிசியேஷன், இந்த ரேட்டுன்னு யாரும் அறிவிக்கல.

தமிழ்ல இதுக்குப் புது சொல் தேட வேண்டியதே இல்ல, தன்வினை பிறவினையே போதும்: தானா நடந்தா மதிப்புக் குறைவு, அரசு செஞ்சா மதிப்புக் குறைப்பு. கடைசில 'வு' போய் 'ப்பு' வருது, அவ்ளோதான், ஆனா யார் செஞ்சாங்கன்னு தெரிஞ்சிடுது. பணமதிப்பிழப்புன்னு மட்டும் போடாதீங்க, அத 2016ல நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சதுக்கு பத்திரிகைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க.

எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான், அப்ரிசியேஷன்னா மதிப்பு உயர்வு, ரீவேல்யுவேஷன்னா மதிப்பு உயர்த்தல். 1961ல மேற்கு ஜெர்மனி டாலருக்கு 4.20 மார்க்னு இருந்தத 4.00 ஆக்குச்சே, நம்பர் கொறஞ்சிருக்குன்னு ஏமாந்துடாதீங்க, ஒரு டாலர் வாங்க கம்மி மார்க் போதும்னா மார்க்கோட மதிப்பு கூடியிருக்கு, அது உயர்த்தல்.