பழைய பேப்பர் கல்யாணமும் புதிய அமெரிக்க மனுவும்

“தங்கை அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டாள், எங்களை அங்கே குடியேற்ற மனு போடப் போகிறாள்” என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பிறப்புச் சான்றிதழைக் கேட்பதில்லை. “இதற்கு முன் உங்கள் பெயரில் யாராவது அங்கே மனு போட்டதுண்டா?” என்றுதான் கேட்பேன். பெரும்பாலானோர் உடனே இல்லை என்பார்கள். சிலர் மட்டும் பதில் சொல்வதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்ப்பார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சிலருக்கு.

மனுவை நடத்துவது அமெரிக்காவில் உள்ள வழக்கறிஞர்கள். இங்கிருக்கும் குடும்பத்தின் ஆவணங்கள், வாக்குமூலங்கள், தூதரக நேர்காணலுக்கான தயாரிப்பு ஆகியவை என் பங்கு. அதனால் குடும்பம் உண்மையில் என்ன செய்தது என்பது பல சமயம் முதலில் என் காதுக்குத்தான் வரும்.

1997-98 நாணய நெருக்கடியில் இங்கே வேலை போய், சுற்றுலா விசாவில் அமெரிக்கா சென்று, காலம் முடிந்த பிறகும் உணவகங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் உழைத்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஏஜெண்டுகள் காட்டிய குறுக்கு வழிதான் பேப்பர் கல்யாணம். குடியுரிமை உள்ள ஒரு பெண்ணுக்குப் பணம், ஒரு கையெழுத்து, சேர்ந்து நின்று எடுத்த நான்கு படங்கள், பிறகு கணவனுக்காக மனைவி போடும் மனு. அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கிள்ளான்காரர். நேர்காணலில் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து, காலையில் யார் முதலில் எழுவார்கள், வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டார்கள். பதில்கள் ஒட்டவில்லை. போலித் திருமணம் என்று எழுதி மனுவை நிராகரித்தார்கள். அவர் ஊர் திரும்பினார், முறைப்படி விவாகரத்து வாங்கினார், இங்கே பெண் பார்த்துத் திருமணம் செய்துகொண்டார், மூன்று பிள்ளைகள். அந்தப் பழைய விஷயத்தை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு தங்கை அமெரிக்கக் குடிமகளாகி, அண்ணனுக்கு மனு போட்டார். உடன்பிறந்தோர் பிரிவுக்கு உலகம் முழுவதற்குமாக ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தான். காத்திருப்பு பதினைந்து ஆண்டுகளையும் தாண்டும். பழைய கோப்போடு யாரும் ஒப்பிடாததால் மனு முதலில் அங்கீகரிக்கப்பட்டது. கடைசியில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். படிவம் முன்னாள் வாழ்க்கைத் துணைகள் எல்லோரையும் கேட்கிறது. அவர் அந்தப் பெண்ணை எழுதவில்லை. அதிகாரியின் கணினியில் அவள் இருந்தாள். மனு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது, அங்கீகாரத்தை ரத்து செய்யச் சொல்லி. மூத்த மகள் இதை நம்பிப் பல்கலைக்கழக இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். மனைவிக்கு எல்லாம் தெரிய வந்ததும் அந்த நேர்காணல் சன்னலின் கண்ணாடிக்கு முன்னால்தான்.

இதற்குப் பின்னால் இருப்பது அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தின் 204(சி) பிரிவு. குடிநுழைவுச் சட்டத்தை ஏமாற்றுவதற்காகவே ஒருவர் திருமணம் செய்தார் என்று முடிவானால், அதன் பிறகு அவருக்காக யார் போடும் மனுவையும் அங்கீகரிக்கக் கூடாது என்கிறது அது. தங்கை போட்டாலும் சரி, பெற்ற பிள்ளை போட்டாலும் சரி, வேலை தரும் நிறுவனம் போட்டாலும் சரி. பின்னாளில் உண்மையாகவே ஓர் அமெரிக்கரைக் காதலித்து மணந்தாலும் இதே கதிதான். இத்தனை ஆண்டுகள் கழிந்தால் தீரும் என்ற கணக்கே கிடையாது. குற்ற வழக்கும் தண்டனையும் தேவையில்லை. கிரீன் கார்டு கிடைத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முயன்றிருந்தாலோ அதற்காகச் சதி செய்திருந்தாலோ போதும். “மனுவைத்தான் வாபஸ் வாங்கிவிட்டோமே” என்பார்கள். வாபஸ் வாங்கினால் மனு முடியும், கோப்பு முடியாது.

என்னிடம் வருகிறவர்கள் இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். விசாவுக்காகப் பொய் சொன்னதற்கும் நிரந்தரத் தடை உண்டு. ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, தாய், தந்தை யாராவது இதனால் கடும் துன்பம் அடைவார்கள் என்று நிரூபித்தால் அதற்கு விலக்கு கேட்கலாம். விசா காலம் முடிந்து ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறியவருக்குப் பத்தாண்டுத் தடை. அதுவும் ஒரு நாள் முடியும். போலித் திருமணத் தடைக்கு விலக்கு என்ற கதவையே வைக்கவில்லை. இணையத்தில் ‘விலக்கு வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

அண்ணன் செய்த தவறுக்குத் தங்கை என்ன செய்வாள் என்று அந்தக் கிள்ளான்காரரின் மனைவி கேட்டார். தங்கையின் உரிமை அப்படியேதான் இருக்கிறது. அம்மாவுக்கு மனு போடலாம். வேறு உடன்பிறப்புகளுக்கும் போடலாம். தடை அண்ணன் மீது. ஆனால் மனைவியும் பிள்ளைகளும் அவருடைய மனுவைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும் என்பதால் அது விழுந்தால் எல்லோருக்கும் விழுந்தது.

மனு போடுகிறவரே போலித் திருமணத்தால் போனவர் என்றால் கதை வேறு. புது மனைவிக்கோ பெற்றோருக்கோ அவர் விண்ணப்பிக்கும் நாளில் தன் பழைய கோப்பைத் தானே மேசைக்கு வரவழைக்கிறார். திருமணம் வழியாகக் கிரீன் கார்டு பெற்றவர் இன்னும் குடியுரிமை பெறாத நிலையில், ஐந்து ஆண்டுகளுக்குள் புதிய துணைக்கு மனு போட்டால், முந்தைய துணை இறந்திருந்தாலன்றி, அந்தத் திருமணம் உண்மையானது என்று தெளிவான, நம்பத்தகுந்த சான்றுகளால் நிரூபிக்க வேண்டும். குடியுரிமையே வாங்கியிருந்தாலும், அதை மோசடியால் பெற்றார் என்று அரசு நீதிமன்றம் போய்ப் பறிக்கலாம். அந்தச் சிவில் வழக்குக்குக் காலக்கெடு கிடையாது. குற்றவியல் பக்கம் ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். இது 1986-இல் கொண்டுவந்த திருத்தம். பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட அமெரிக்கருக்கும் இது பொருந்தும். தூரத்துச் சொந்தத்துக்கு உதவுவதாக நினைத்துக் கழுத்தை நீட்டும் நம் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். வருகிறவரின் பணப் பொறுப்பை ஏற்பதாக அவர்கள் கையெழுத்திடும் பொருளாதார ஆதரவுப் பத்திரம் விவாகரத்தோடு முடிவதில்லை என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அண்மையில் வேறொரு வகையைப் பார்க்கிறேன். அமெரிக்கக் குடிமகன் ஒருவர் விடுமுறையில் வருவார். தேசியப் பதிவிலாகாவில் “சும்மா ரெஜிஸ்டர்” செய்துகொள்வார்கள். தாலியும் இல்லை, விருந்தும் இல்லை. பெண்ணின் தாயார் இதை நிச்சயதார்த்தத்துக்கும் கீழான ஒன்றாகப் பேசுவார். மலேசியச் சட்டப்படி அது முழுத் திருமணம். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகள் ஆகாமல் பொதுவாக விவாகரத்து மனுவே போட முடியாது. விதிவிலக்கான நெருக்கடி இருந்தால் நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்குள் வரும் நல்ல வரனைப் பதிவு செய்ய வழியில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. கிரீன் கார்டு உள்ள தந்தை, மணமாகாத மகளுக்கு மனு போட்டிருப்பார். வரிசை நகரும் முன் மகளுக்குத் திருமணமாகிவிட்டால் மனு செத்துவிடும். அதைக் காப்பாற்ற, பதிவை மறைப்பவர்களும் உண்டு, தாளில் மட்டும் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்பவர்களும் உண்டு. இரண்டையும் அதிகாரிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு உண்மையாக மணந்தவர்கள் பயப்பட வேண்டாம். திருமண நாளில் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. பிறகு முறிந்த திருமணம் போலித் திருமணம் ஆகாது. ஜாதகம் பார்த்து மூன்று வாரத்தில் கல்யாணம் என்றால் வெளியாருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால் பரிசம் போட்ட படம், அழைப்பிதழ், மண்டபத்துக்குக் கட்டிய முன்பண ரசீது, ஜோசியர் எழுதிக் கொடுத்த தாள் என எல்லாவற்றையும் வைத்திருங்கள். பத்துமலையில் எடுத்த படத்தைவிட, மாமியாரோடு சண்டை போட்ட வாட்ஸ்அப் செய்திக்கு மதிப்பு அதிகம் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். உண்மையான வாழ்க்கையில்தான் அப்படிச் சண்டை வரும்.

பழைய முடிவு தவறானது என்றால் எதிர்க்கவும் இடமிருக்கிறது. புதிய மனுவைப் பார்க்கும் அதிகாரி சான்றுகளைத் தாமே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். பழைய அதிகாரி எழுதியதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. வெறும் சந்தேகம் போதாது, வலுவான சான்று வேண்டும் என்பதை அங்குள்ள குடிநுழைவு மேல்முறையீட்டு வாரியம் 2019-இல் மேலும் தெளிவாக்கியிருக்கிறது.

ஆகவே உங்கள் பெயரில் பழைய மனு இருந்தால், அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். மலேசியாவில் இருந்தபடியே கேட்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் அது வெறும் நிராகரிப்பா, போலித் திருமணம் என்ற முடிவா என்று தெரியும். இரண்டும் ஒன்றல்ல. மனு பதிவான தேதியில்தான் வரிசையில் இடம் என்பதால் தங்கை அவசரப்படுவார். அவரிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்.