விதைத்த மேகம் கல் பொழியாதா?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கோடை வந்தால் சில சின்ன விமானங்களுக்கு விசித்திரமான வேலை ஒன்று இருக்கிறது. எந்த இடிமேகத்தைக் கண்டால் பயணிகள் விமானம் சுற்றிக்கொண்டு போகுமோ, அதைத் தேடி இவை போகும். இறக்கையில் வரிசையாக 150 கிராம் வாணங்கள் மாட்டியிருக்கும். மேகத்தின் அடியில், காற்று மேல்நோக்கி உறிஞ்சப்படும் இடத்தில் விமானி அவற்றைப் பற்றவைப்பார். இன்னொரு விமானம் மேகத்தின் உச்சிப் பக்கம் பறந்து 20 கிராம் வாணங்களை உள்ளே உதிர்த்துக்கொண்டே போகும். புகையில் இருப்பது சில்வர் அயோடைடு என்ற வேதிப்பொருள். மேகத்துக்குள் இப்படி மருந்து தூவுவதற்குப் பெயர் மேக விதைப்பு; இங்கே நோக்கம் கல்மழையை, அதாவது ஆலங்கட்டி மழையை, அடக்குவது.

1996இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்குப் பணம் தருவது காப்பீட்டு நிறுவனங்கள். காப்பாற்ற நினைப்பது கால்கரி, ரெட் டீர் போன்ற ஊர்களின் கூரைகளையும் கார்களையும். பயிரை அல்ல. ஏன் அல்ல என்பதற்குப் பிறகு வருவோம்.

ஓர் ஆலங்கட்டியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெங்காயம் போல வளையங்கள் தெரியும். ஒரு வளையம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், அடுத்தது பால் போல வெளுத்திருக்கும். நீர் நிறைய இருந்த பகுதியில் கட்டி வளர்ந்தபோது, மேலே ஒட்டிய நீர் மெதுவாக உறைந்தது. உள்ளிருந்த காற்று வெளியேற நேரம் கிடைத்தது. அதுதான் தெளிவான வளையம். நீர் குறைவான, குளிர் கூடிய பகுதியில் துளிகள் பட்டவுடனே உறைந்தன. காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொண்டு வெளுப்பாகிவிட்டன. நடுவில் மிளகளவு கரு ஒன்று இருக்கும், பெரும்பாலும் பொரபொரப்பான பனி உருண்டை. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

ஒட்டிய நீர் எங்கிருந்து வந்தது? பூஜ்யம் டிகிரியில் நீர் உறைந்துவிடும் என்று பள்ளியில் படித்தோம். மேகத்துளிகள் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு தூசியோ படிகமோ கிடைக்காவிட்டால், சுத்தமான நுண்துளி மைனஸ் 35 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கும். மீக்குளிர் நீர் என்பது இதுதான். சில சமயம் ஃப்ரீசரில் மறந்துபோன தண்ணீர் பாட்டில் உறையாமலே இருக்கும். எடுத்து ஒரு தட்டு தட்டியதும் கண்ணெதிரே கட்டியாகும். இடிமேகத்தின் நடுப்பகுதி அப்படிக் காத்திருக்கும் தண்ணீர்க் கிடங்கு. பனிக்கரு உள்ளே வந்தால் போதும், பட்ட துளியெல்லாம் அதன்மேல் உறையும். கோல்ஃப் பந்து அளவுக்கு அது வளர வேண்டுமானால், மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் மேலேறும் காற்று அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பெரிய இடிமேகங்களில் அந்தக் காற்று உண்டு.

இந்தக் கிடங்கில் கைவைக்கலாம் என்ற எண்ணம் வந்தது ஒரு ஃப்ரீசரில்தான். 1946 ஜூலையில், அமெரிக்காவின் ஷெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் குளிர்பெட்டிக்குள் மூச்சை ஊதி மேகம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் காலம், பெட்டி போதுமான அளவு குளிரவில்லை. குளிரைக் கூட்டலாம் என்று உலர்பனித் துண்டு (உறைந்த கார்பன் டைஆக்சைடு) ஒன்றைப் போட்டார். மறுநொடி பெட்டி முழுக்கப் பனிப்படிகங்கள் மினுங்கின. சில மாதங்களில் அதே நிறுவனத்தின் பெர்னார்ட் வானகட் சில்வர் அயோடைடும் இதே வேலையைச் செய்யும் என்று கண்டுபிடித்தார். அதன் படிக அமைப்பு பனியின் அமைப்பை ஏறக்குறைய ஒத்திருப்பதால் நீர் ஏமாந்துபோய், மைனஸ் 5 டிகிரியை ஒட்டியே அதன்மேல் உறையத் தொடங்கிவிடுகிறது.

மழை வேண்டுமென்று விதைப்பதும் கல் வேண்டாமென்று விதைப்பதும் ஒரே மருந்தால் எப்படி? பந்தியில் பத்துப் பேருக்கு வைத்த பாயசத்துக்கு எண்பது பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு கரண்டிதான். ஆலங்கட்டித் தடுப்பின் கணக்கும் அதுவே: மேகத்தில் இருக்கும் மீக்குளிர் நீர் ஓரளவுதான், கருக்களின் எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டால் எந்தக் கல்லும் பெரிதாக வளராது. இருக்கும் நீரை எட்டு மடங்கு கற்கள் பங்கிட்டால் ஒவ்வொன்றின் விட்டமும் பாதியாகும். எடை எட்டில் ஒன்று; விழும் வேகமும் குறைவதால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய பதினாறில் ஒன்று. தவிர, சிறிய கல் வழியிலேயே உருகி மழையாகிவிடவும் வாய்ப்பு உண்டு. தாளில் மிக அழகான கணக்கு.

தாளுக்கு வெளியே? சோவியத் ஒன்றியம் 1960களில் ஜார்ஜியாவின் திராட்சைத் தோட்டங்களையும் காகசஸ் பகுதியையும் காக்க ராக்கெட்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் வைத்து மேகத்தைச் சுட்டது. சேதம் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக அறிவித்தது. அமெரிக்கர்களுக்குப் பொறுக்கவில்லை. 1972இல் வடகிழக்குக் கொலராடோவில் பெரிய சோதனை தொடங்கினார்கள். கவசம் போட்ட பழைய டி-28 விமானம் ஒன்றைக் கல்மழைக்குள்ளேயே ஓட்டினார்கள், பாவம் அந்த விமானி. எந்த நாளில் விதைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். மூன்று ஆண்டு விதைத்தபின், விதைத்த நாளுக்கும் விதைக்காத நாளுக்கும் நம்பத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை என்று விதைப்பை நிறுத்தினார்கள். 1977 முதல் 1981 வரை சுவிட்சர்லாந்தில் சோவியத் முறையையே ராக்கெட்டோடு சோதித்தார்கள். அங்கும் விடை அதுவே.

சரி, முறை பொய் என்று முடித்துவிடலாமா? வடக்கு டகோட்டா மாநிலத்தில் பல ஆண்டுகள் விமானத்தால் விதைத்த பகுதியின் பயிர்க் காப்பீட்டுக் கணக்குகளைப் பக்கத்து மொன்டானா பகுதியோடு ஒப்பிட்ட ஆய்வு 1997இல் வெளியானது. கல்மழை இழப்பு 45 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் இதில் குலுக்கல் இல்லை. இரண்டு பகுதிகளுக்கும் இடையே வேறு ஏதோ மாறியிருந்தால் கணக்கு அதையும் விமானத்தின் பெயரில் எழுதிவிடும்.

சிக்கலின் வேர் அளவெடுப்பதில் இருக்கிறது. ஆலங்கட்டி அளக்க ஒரு எளிய கருவி உண்டு: அலுமினியத் தாள் சுற்றிய ஃபோம் பலகை ஒன்றை வயலில் குச்சி நட்டு அதன்மேல் வைப்பார்கள். மழை முடிந்ததும் எடுத்துவந்து பள்ளங்களை எண்ணி, ஒவ்வொன்றின் அகலத்தையும் அளப்பார்கள். ஆனால் கல்மழை ஒரு கோடு கிழித்தது போலப் பெய்யும். வரப்புக்கு இந்தப் பக்கம் கோதுமை தரையோடு தரையாகக் கிடக்க, அந்தப் பக்கம் ஒரு கதிரும் சாயாமல் நிற்கும். ஒரு பலகை இருக்கும் இடத்தில் விழாமல் இரண்டு பலகைக்கு நடுவே விழுந்துவிட்டுப் போகும். ஒரு கோடையில் ஓரிரு புயல்கள்தான் பெரும் சேதத்தைச் செய்கின்றன. அடுத்த கோடையில் ஒன்றும் வராது. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் விதைப்பின் பலன் ஒளிந்திருந்தால் வெளியே எடுக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். விதைத்த அந்த மேகத்தையே விதைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட இன்னொரு வானமும் நம்மிடம் இல்லை.

நேரமும் எதிரிதான். கரு கல்லாக வளர்வது கால் மணி, அரை மணிக்குள் முடிந்துவிடும். அதற்குள் சரியான உயரத்தில், சரியான பக்கத்தில், போதுமான மருந்து சேர வேண்டும். கரு பற்றாக்குறையால் கல் குறைவாக உருவாகும் மேகத்தில் கொஞ்சமாகத் தூவினால், கல்லின் எண்ணிக்கைதான் கூடும் என்ற கவலையும் ஆய்வாளர்களுக்கு உண்டு. பந்தி உவமை அங்கே தலைகீழாகிவிடுகிறது: பாயசம் மிஞ்சியிருக்க, ஆள் மட்டும் வந்தால் சாப்பிடத்தானே செய்வார்கள்.

இப்போது ஆல்பர்ட்டாவுக்குத் திரும்புவோம். விமானங்கள் பறந்துகொண்டிருந்த காலத்திலேயே 2020 ஜூன் 13 அன்று கால்கரியில் பெய்த கல்மழை 100 கோடி கனடா டாலருக்கு மேல் காப்பீட்டு இழப்பு வைத்தது. 2024 ஆகஸ்ட் 5 அன்று வந்தது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இருந்தும் காப்பீட்டுக்காரர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை. அவர்கள் முட்டாள்கள் இல்லை. விமானத்துக்கு ஆண்டுச் செலவு சில மில்லியன் டாலர். இழப்போ சில நூறு கோடி. சேதம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலும் போட்ட பணம் வந்துவிடும். பலன் நிச்சயமில்லை என்பது அவர்களுக்குத் தடையல்ல. ஏக்கருக்கு இவ்வளவு என்று எண்ணும் விவசாயிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நகரத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் நிற்கும் கார்களின் விலைக்கு எத்தனை கோதுமை வேண்டும்!

அதனால்தான் இமாச்சலப் பிரதேச ஆப்பிள் தோட்டங்களில் தீர்வு வானத்திலிருந்து இறங்கி மரத்தின் தலைக்கு வந்துவிட்டது. அங்கேயும் வெடிச்சத்தத்தால் கல்லை உடைக்கும் என்று சொல்லப்பட்ட பீரங்கிகளை வைத்துப் பார்த்தார்கள். 1896இல் ஆஸ்திரியாவில் ஆல்பர்ட் ஸ்டீகர் தொடங்கிவைத்த பழைய யோசனை அது; இத்தாலியும் ஆஸ்திரியாவும் இரண்டு ஆண்டு சோதித்துப் பார்த்து அன்றே கைவிட்டது. இன்று நம்பப்படுவது வலை. அரசு 80 சதவீதம் வரை மானியம் தருகிறது. கல் வலையில் விழுந்து துள்ளி, வேகமிழந்து இடுக்கில் நழுவுகிறது. வலை கொஞ்சம் வெயிலை மறைக்கும், தேனீ நடமாட்டத்துக்கு இடைஞ்சல். கம்பமும் கம்பியும் நடச் செலவு அதிகம். பனிக்காலத்துக்கு முன்னால் மறக்காமல் சுருட்டியாக வேண்டும்; இல்லாவிட்டால் மேலே குவியும் பனியின் எடையில் வலையும் கிளையும் சேர்ந்தே முறியும்.