பப்பாளித் தண்டும் முப்பது அடிக் கடலும்

பாலக்கோட்டு வாசகர் ஒருவர் குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போன இடத்தில் முதல்முறையாக ஸ்கூபா டைவிங் செய்திருக்கிறார். ஊர் திரும்பியதும் எனக்கொரு கேள்வி அனுப்பினார்: "சின்ன வயசில் எங்கள் கிணற்றில் பப்பாளித் தண்டை வாயில் வைத்துக்கொண்டு முங்குவோம். ரெண்டு முழத்துக்குக் கீழே போனால் மூச்சை இழுக்கவே முடியாது. கடலில் முப்பது அடியில் சாதாரணமாக மூச்சு விட்டேனே, எப்படி?"

சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய தருமபுரிக்காரர்கள் பலரும் அந்தத் தண்டைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள். நானும்தான். தண்டு வழியாக வருவது மேலே உள்ள காற்று, மேலே உள்ள அழுத்தத்தில். நெஞ்சை அழுத்துவதோ தண்ணீர். ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் கூடுதல் சுமை. நெஞ்சுப் பரப்பை 1000 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 100 கிலோ. இரண்டு அரிசி மூட்டையை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு மூச்சிழுக்க முடியுமா?

சரி, ஸ்கூபாவுக்கு வருவோம். முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்று பத்திரிகைகளே எழுதுகின்றன. இல்லை, அது சாதாரணக் காற்று. சுத்த ஆக்சிஜனை அந்த ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வரலாம். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த அந்தக் காற்றைச் சிலிண்டர் தலையில் உள்ள வால்வு 10 மடங்கு அளவுக்குக் குறைத்துக் குழாயில் அனுப்புகிறது. அதன் மறுமுனையில், வாயில் கடித்திருக்கும் குட்டி டப்பாதான் எனக்குப் பிடித்த இடம்.

டப்பாவின் ஒரு பக்கம் ரப்பர் சவ்வு. சவ்வுக்கு வெளியே கடல், உள்ளே காற்று. மூச்சை இழுத்தால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறையும். உடனே கடல் சவ்வை உள்ளே தள்ளும், சவ்வு ஒரு சின்ன நெம்புகோலை அமுக்கும், வால்வு திறந்து காற்று வரும். எதுவரை? உள்ளழுத்தம் வெளியே உள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகும்வரை. சமமானதும் சவ்வு பழைய இடத்துக்குப் போக, வால்வு மூடிக்கொள்ளும். அதனால் 5 மீட்டரில் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் காற்று வரும், 10 மீட்டரில் இரண்டு மடங்கில். ஆழத்தை அளக்கும் கருவி இல்லை, பேட்டரி இல்லை. நெஞ்சை நசுக்கப் பார்க்கும் அதே தண்ணீரையே காற்றளக்கும் கணக்குப்பிள்ளையாக உட்கார வைத்துவிட்டார்கள்!

1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்டோவும் பொறியாளர் எமில் கன்யானும் செய்த வேலை இது. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்குக் கன்யான் உருவாக்கிய வால்வுதான் அதற்கு மூலம். நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் நம்மூர்க் கமிட்டிகளிடம் கார் வால்வைக் காட்டிக் கடலுக்குள் போகப்போகிறோம் என்றால் காசு கிடைத்திருக்குமா, சந்தேகம்தான்.

மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது என்பதும், காற்று அந்தந்த ஆழத்தின் அழுத்தத்தில் வருவதால்தான். 10 மீட்டரில் நிரப்பிய நுரையீரல் காற்று மேலே வருவதற்குள் இரட்டிப்பாகப் பார்க்கும்.

அப்புறம், காது வலித்தது என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் இறங்கும்போதே சிலருக்குக் காது அடைக்கும். கிட்டத்தட்ட 400 மீட்டரான அந்த இறக்கத்தில் கூடும் காற்றழுத்தம், வெறும் 40 சென்டிமீட்டர் தண்ணீருக்குள் முங்குவதற்குச் சமம். முழங்காலளவுத் தண்ணீர்! கடலிலோ முதல் சில மீட்டரிலேயே அதைப் போலப் பல மடங்கு. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து காற்று போகும். வலி வரும்வரை காத்திருந்தால் குழாய் அழுந்தி மூடிவிடும். அப்போது எவ்வளவு ஊதினாலும் பயனில்லை. கொஞ்சம் மேலே ஏறி வந்துதான் ஊத வேண்டும்.