பிள்ளையோடு போகும் பணம்: ஆர்.டி.இ. 25 சதவீத இடம் யாருக்கு, எப்படி?

ஏப்ரல் பிறந்தால் எங்கள் தெருவில் "ஆர்.டி.இ. போட்டாச்சா?" என்பதுதான் பேச்சு. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இலவச இடம் தரச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் ஆர்.டி.இ. இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், மகனை எல்.கே.ஜி. சேர்க்க என்னைத் துணைக்கு இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனார். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் மஞ்சப்பையில் அடுக்கி வைத்திருந்தார். வரைபடத்தில் வீடு இருக்கும் இடத்தைக் குறித்ததும் திரையில் மூன்று பள்ளிகள் வந்தன. அவர் நினைத்து வந்த பள்ளி அதில் இல்லை. "ஸ்கூட்டியில அஞ்சு நிமிஷம்தானே தம்பி?" என்றார். அந்தப் பள்ளி ஒரு கிலோமீட்டரைத் தாண்டி இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஒரு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது, கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், எட்டாம் வகுப்பு முடிந்ததும் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரியாமலேயே பலரும் விண்ணப்பம் போடுகிறார்கள். தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி என்பது அதன் அடிப்படை. அதில் 12(1)(சி) என்றொரு பிரிவு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தங்கள் நுழைவு வகுப்பில் (எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு) குறைந்தது 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்து ஏழை, நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குக் கொடுத்து, எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாமல் படிக்கவைக்க வேண்டும் என்கிறது அது. 'அக்கம்பக்கம்' என்று சட்டம் சொன்னதைத்தான் தமிழ்நாடு ஒரு கிலோமீட்டர் என்று வரையறுத்தது. தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 2012 ஏப்ரல் 12 அன்று, பிரிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

உலகம் முழுக்க 'பள்ளி வவுச்சர்' (கட்டணச் சீட்டு) என்று நடக்கும் விவாதத்துக்கு மிக நெருங்கிய உறவு இது. அரசு தன் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்காமல் பிள்ளையின் பெயரில் ஒதுக்கட்டும், பெற்றோர் விரும்பும் பள்ளிக்கு அந்தப் பணம் போகட்டும் என்று பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதினார். சிலி நாடு 1981இல் அதை நாடு முழுவதும் கொண்டுவந்தது; அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1990இல் தொடங்கியது. நம்மூர் ஏற்பாட்டில் பெற்றோர் கையில் பணமோ சீட்டோ வருவதில்லை, நினைத்த பள்ளிக்கெல்லாம் போகவும் முடியாது. ஆனாலும் அரசுப் பணம் பிள்ளையின் பின்னாலேயே தனியார் பள்ளிக்குப் போகிறது.

தமிழ்நாட்டில் இரண்டு வழிகளில் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நலிவடைந்த பிரிவு. எந்தச் சாதியாக இருந்தாலும் போடலாம். எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. பிரிவினர் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' என்பதில் வருவார்கள். அவர்களுக்குச் சாதிச் சான்று போதும், வருமான வரம்பு கிடையாது. ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புக்கு உள்ளானோர், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே இடம் ஒதுக்குகிறார்கள். தூய்மைப் பணி செய்யும் பல குடும்பங்களுக்கு இது தெரியவே தெரியாது, யாராவது சொல்லுங்கள். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயதும், ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயதும் முடிந்திருக்க வேண்டும்.

இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். அந்த அக்காவோடு அதற்கும் போயிருந்தேன். பள்ளி வராண்டாவில் மேசை போட்டு, அதன்மேல் எவர்சில்வர் குடம். மடித்த சீட்டுகளை எல்லார் கண்முன்னும் எண்ணிப் போட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு சிறுமியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். பெயர் வந்தவர்கள் சத்தம் போடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வராதவர்கள் காத்திருப்போர் பட்டியலில் தங்கள் எண்ணைத் தேடினார்கள். அக்காவின் மகன் பெயர் கடைசிக்கு முந்திய சீட்டில் வந்தது.

சேர்ந்த இரண்டாவது வாரமே நோட்டுப் புத்தகம், சீருடை, 'ஆக்டிவிட்டி' என்று ஒரு தாளை நீட்டினார்கள். அவர் கடையில் ஒரு மாதம் மிச்சம் பிடித்தாலும் அந்தத் தொகை வராது. இது தனிப்பட்ட ஒருவரின் கதையல்ல, ஊரெல்லாம் நடப்பதுதான். சீருடை, பாடநூல் செலவைப் பெற்றோர் தலையில் கட்டக்கூடாது, அதையும் அரசுதான் ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. பள்ளி பணம் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். சேர்க்கைக்கு முன் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைப்பதும் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பள்ளிகளின் குறையையும் சொல்ல வேண்டும். அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் தொகை, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் அரசு திருப்பித் தரும். அதுவும் காலம் தாழ்ந்து வரும். சின்ன நர்சரிப் பள்ளிகளுக்கு அந்தத் தாமதம் ஆசிரியர் சம்பளத்தில் கை வைக்கிறது. கடைசியில் அந்தச் சுமை 'ஆக்டிவிட்டி' என்ற பெயரில் பெற்றோரிடம் வந்து சேர்கிறது.

இனி அரசுப் பள்ளியின் பக்கம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் ஆகிறது. இதே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 62 பேர் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் குலுக்கலில் பெயர் வந்து தனியாருக்குப் போனால் 58. மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார். பணி நிரவலில் வேறு ஊருக்கு மாற்றுவார்கள். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பெற்றோர், அடுத்த ஏப்ரலில் தாங்களும் இ-சேவை மையத்துக்குப் போவார்கள். போகும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைக்கு நல்லது தேடும் உரிமை கார் வைத்திருப்பவருக்கு மட்டும் சொந்தமல்ல. வவுச்சரை ஆதரிப்பவர்கள் சொல்வதில் இந்த ஒன்று முழு உண்மை. ஆனால் நான்கு பிள்ளைகளுக்குக் கதவு திறந்ததற்காக மீதி 58 பேர் ஆசிரியரை இழப்பதை ஏற்க முடியாது. குறைந்தபட்சம் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று பணியிடத்தை நிலைநிறுத்திவிட்டு இந்தத் திட்டத்தை நடத்துவதுதான் நியாயம்.

பணத்தை மிச்சம் பிடிக்க மற்ற மாநிலங்கள் வேறு வழி பார்த்தன. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியாரில் இடம் தர வேண்டியதில்லை என்று கர்நாடகம் 2019இல் விதியைத் திருத்தியது, சேர்க்கை சரிந்தது. மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில் அதையே செய்தது, ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவே சரி. பணக்கார வீட்டுப் பிள்ளையும் கூலி வேலை செய்பவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதும் இந்தப் பிரிவின் நோக்கம். பக்கத்தில் அரசுப் பள்ளி இருப்பதால் அந்த நோக்கம் தீர்ந்துபோவதில்லை.

நம் மாநிலத்தில் 2025-26 சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. இந்தப் பணம் மத்திய அரசும் மாநில அரசும் 60:40 விகிதத்தில் பகிரும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் வழியாக வருகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் பி.எம்.ஸ்ரீ (மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. இதுபற்றிய வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டப் பணத்தை அந்தக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்றது. பணம் வரவில்லை என்று மாநில அரசும் ஒதுங்க முடியாது என்றது. ஒரு பகுதி வந்து, அக்டோபரில்தான் சேர்க்கை ஆரம்பமானது. அதற்குள் பல பெற்றோர் ஜூனிலேயே கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருந்தார்கள்.

கடைசியாக, எட்டாம் வகுப்பு. இலவசம் அதோடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம். இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஆர்.டி.இ.யில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொருந்தும். 2020இல் வந்த சட்டமே அப்படிச் சொல்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பைக் கடன் வாங்கி அதே பள்ளியில் தொடர்ந்தால் இரண்டும் கைநழுவிப் போகும். அதனால் எட்டாம் வகுப்பு முடிகிற ஏப்ரலிலேயே டி.சி. வாங்குங்கள். ஆர்.டி.இ.யில் படித்ததற்குப் பள்ளியிடம் ஒரு சான்றும் வாங்கி, சேர்க்கையின்போது கிடைத்த தாள்களோடு சேர்த்து வையுங்கள். அந்த அக்கா எல்லாவற்றையும் அதே மஞ்சப்பையில்தான் வைத்திருக்கிறார்.