இரண்டு ஆண்டுக் கணக்கில் சிக்காத ஈஸ்ட்

ஆய்வாளர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் எச்-இண்டெக்ஸ் என்ற எண்ணை வைத்து ஒருவர் பெரிய விஞ்ஞானியா இல்லையா என்று முடிவுகட்ட முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கணக்கு எளியதுதான். ஒருவரின் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 20. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவுகோல் இது. இதழ்களுக்கென்று தாக்கக் காரணி என்ற வேறோர் எண் உண்டு. ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள்களைப் பெற்றன என்பதை அது சொல்கிறது.

இந்த எண்களின் கண்ணுக்கு எது தப்பும் என்பதை அறிய, ஜப்பானிய செல் உயிரியலாளர் யோஷினோரி ஓசுமியின் ஆய்வு வாழ்க்கையைப் பார்க்கலாம். 1945-இல் ஃபுகுவோகாவில் பிறந்த அவருக்கு, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் அமைந்தது 1988-இல், 43-ஆம் வயதில்தான். அவர் எடுத்துக்கொண்ட பொருளோ, ஈஸ்ட் செல்லின் குப்பைக்கிடங்கு என்று பலரும் ஒதுக்கிவைத்திருந்த நுண்குமிழ்ப்பை (வேக்குவோல்). போட்டி தனக்குப் பிடிக்காது என்பதால், பிறர் கைவைக்காத இடத்தைத் தேர்ந்தெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

நம் செல்களில், கழிவைச் செரிக்கும் பையான லைசோசோம் செய்யும் வேலையை ஈஸ்ட்டில் இந்தப் பை செய்கிறது. செல் தன் உள்ளடக்கத்தையே செரித்துக்கொள்ளும் நிகழ்வுக்குப் பெல்ஜிய உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியான் டி டுவ் 1963-லேயே ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று பெயர் வைத்துவிட்டார். ஆனால் அதை இயக்கும் மரபணுக்கள் எவை என்பது யாருக்கும் தெரியாமலே கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. ஈஸ்ட் மிகச் சிறியது. அதற்குள் தன்னுண்ணல் நடந்தாலும், பைக்குள் வந்து சேர்ந்த பொருள் நொடியில் கரைந்துபோவதால் நுண்ணோக்கியில் எதுவும் தென்படாது.

ஓசுமி இங்கே செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணில் படாமல் கரைவதைப் பிடிக்க, அவர் நுண்ணோக்கியை மாற்றவில்லை, கரைப்பதை நிறுத்தினார். புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் பைக்குள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுத்து, நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் பட்டினி போட்டார். பட்டினி கிடக்கும் செல், தன் சைட்டோபிளாசத்தின் ஒரு பகுதியை இரட்டைச் சவ்வால் சுற்றி உறையாக்குகிறது. உறையின் வெளிச்சவ்வு பையின் சவ்வோடு இணைந்துவிட, உட்சவ்வு போர்த்திய உருண்டை பைக்குள் விழுகிறது. செரிக்க நொதி இல்லாததால் அது அப்படியே கிடக்கிறது. சில மணி நேரத்தில், வெறுமையாகத் தெரிந்த பை முழுவதும் சிறு உருண்டைகள் நிறைந்து, சுற்றியுள்ள மூலக்கூறுகள் மோதுவதால் உண்டாகும் பிரௌனியன் இயக்கத்தால் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. இதைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படவில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கியே போதுமானதாக இருந்தது.

1992-இல் இது கட்டுரையாக வந்தது. கண்ணால் பார்க்க முடிந்ததும் அடுத்த படி தானாகவே புலப்பட்டது: மரபணுக்களைக் கண்டபடி சிதைத்து, பட்டினி போட்டும் உருண்டை சேராத செல்களைத் தேடினால், அங்கே பழுதானது தன்னுண்ணலுக்குத் தேவையான மரபணுவாக இருக்க வேண்டும். இப்படித் தேடி இனம்கண்ட 15 மரபணுக்களைப் பற்றிய கட்டுரை 1993-இல் வெளியானது. அது பெரும் புகழ் கொண்ட இதழிலும் வரவில்லை; ஃபெப்ஸ் லெட்டர்ஸ் என்ற, சுருக்கமான அறிக்கைகளை வெளியிடும் இதழில் வந்தது.

அன்று தன்னுண்ணலைப் பற்றி எழுதியவர்கள் உலகெங்கும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மேற்கோள் காட்ட ஆளே இல்லாத துறையில் மேற்கோள் எண்ணிக்கையைக் கேட்பது, ஆளில்லா ஊரில் தேர்தல் நடத்துவதற்குச் சமம். நிதி வழங்கும் குழுக்கள் இந்த எண்களைப் பார்த்தே விண்ணப்பங்களைச் சலித்தால், ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு வேடிக்கை பார்க்கும் திட்டம் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும் என்பது என் கருத்து. எச்-இண்டெக்ஸுக்கு இன்னொரு குறையும் உண்டு: ஒரே ஒரு கட்டுரை பத்தாயிரம் மேற்கோள் பெற்றாலும், அது கூட்டித் தருவது அதிகபட்சம் ஒன்றுதான்.

1993 கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள்கள் தாக்கக் காரணியில் சேர்வது 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டுமே. அந்த 15 மரபணுக்களில் இரண்டு உருவாக்கும் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து வேலை செய்கின்றன என்பதை ஓசுமி குழு 1998-இல் காட்டியது. அதே புரதங்கள் மனித செல்லிலும் இருப்பது அவ்வாண்டே தெரிந்தது. மற்றவர்கள் அந்த ஈஸ்ட் கட்டுரையைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அதற்கான இரண்டு ஆண்டுக் கணக்கு முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, பங்குபோட யாருமின்றி ஓசுமி ஒருவருக்கே வழங்கப்பட்டது.